செங்கல் வாங்கும் முன் வரைபடம்: அமெரிக்கப் பட்டத்தைக் குறைந்த செலவில் விரைந்து முடிக்கும் வழி

என் பெயரில் மூன்று கிரெடிட் இன்றும் எதற்கும் உதவாமல் கிடக்கிறது. கல்லூரி அல்ஜீப்ராவை ஒருமுறை இணையப் பாடமாக முடித்தேன். போதாதென்று சில மாதம் கழித்து அதே பாடத்துக்கு, வகுப்புக்குப் போகாமல் தேர்வு எழுதியே கிரெடிட் பெறும் கிளெப் தேர்வும் எழுதினேன். இரண்டிலும் தேறினேன். கல்லூரியோ ஒன்றை மட்டும் வரவு வைத்துவிட்டு, மற்றதை 'இரட்டிப்பு' என்று ஒதுக்கிவிட்டது. அவர்கள் செய்தது சரிதான். ஒரே பாடத்தை இரண்டு பெயரில் படித்துவிட்டு இரண்டு கூலி கேட்டால் யார் கொடுப்பார்கள்?

பாலிடெக்னிக் டிப்ளமோவோடு நியூ ஜெர்சிக்கு வந்து, எச்-4 விசாவில் (இங்கே எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தினருக்குத் தரும் விசா) சில ஆண்டு வீட்டிலிருந்து, பிறகு ஒருவழியாக அமெரிக்க இளநிலைப் பட்டம் வாங்கினேன். நான்கு ஆண்டு வகுப்பறையில் உட்காரவில்லை. பெரும்பகுதிக் கிரெடிட்டைக் கல்லூரிக்கு வெளியே சேர்த்து, கடைசிப் பகுதியை மட்டும் கல்லூரியில் முடித்தேன். அதன்பின் என்னிடம் வழி கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் செய்த பிழை ஒன்றே: எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம் என்று முடிவு செய்யாமலே கிரெடிட் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டு வரைபடம் கைக்கு வருமுன் செங்கல் வாங்கிக் குவிப்பதைப் போன்றது அது. இந்த வழிகாட்டி முழுவதும் வரைபடத்திலிருந்து செங்கல்லுக்குப் போகும்.

முதலில், கிரெடிட் என்பது என்ன?

முடித்த பாடத்துக்குக் கல்லூரி உங்கள் கணக்கில் வரவு வைக்கும் அலகுதான் கிரெடிட். அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 செமஸ்டர் கிரெடிட் வேண்டும். ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று கிரெடிட். ஆகவே ஏறக்குறைய நாற்பது பாடங்கள். அவை மூன்று பெட்டிகளில் விழும். ஆங்கிலக் கட்டுரை, கணிதம், வரலாறு, அறிவியல் என எல்லோரும் படிக்கும் பொதுக்கல்வி ஒரு பெட்டி. உங்கள் முதன்மைப் பாடம் இன்னொன்று. எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பக்கூடிய விருப்பப் பாடங்கள் மூன்றாவது. இவற்றுக்குக் குறுக்கே இன்னொரு கோடும் ஓடுகிறது: 100, 200 என்று எண் தொடங்கும் பாடங்கள் கீழ்நிலை, 300, 400 என்பவை மேல்நிலை. 120-இல் சுமார் 30 கிரெடிட்டாவது மேல்நிலையாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. இந்தக் கோட்டைக் கவனிக்காமல் இடறியவர்கள் ஏராளம். மலிவாகக் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே கீழ்நிலைப் பாடங்கள்.

மாற்று வழிக் கிரெடிட் என்பது, கல்லூரி அல்லாத ஓர் இடத்தில் கற்றதைக் கல்லூரி தன் கணக்கில் வரவு வைப்பது. இதற்கு நடுவராக நிற்பது 1918-இல் தொடங்கிய அமெரிக்கக் கல்வி மன்றம். எல்லோரும் சுருக்கமாக 'ஏஸ்' என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் பயிற்சிக்குக் கல்லூரியில் என்ன மதிப்பு என்று கணக்கிட்ட வேலைதான், பின்னாளில் தனியார் நிறுவனங்களின் பாடங்களுக்கும் விரிந்தது. ஏஸ் ஒரு பாடத்தைப் பார்த்து 'இது மூன்று கிரெடிட் பெறும்' என்று பரிந்துரைக்கும். பரிந்துரை மட்டுமே, கட்டளை அல்ல. ஏற்பதும் தள்ளுவதும் கல்லூரியின் பதிவாளர் கையில். நிறுவனங்களின் விளம்பரத்தில் 'பரிந்துரை' என்ற இந்த ஒரு சொல்தான் சிறிய எழுத்தில் இருக்கும்.

படி 1: இந்தப் பட்டம் உங்களுக்கு உதவுமா?

இதற்கு நேர்மையாக விடை சொல்லிக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பட்டம் இல்லாததால் பதவி உயர்வு நின்றுபோனவர், கிரீன் கார்டோடு வேலையில் இருந்தும் 'இளநிலைப் பட்டம் கட்டாயம்' என்ற வரியில் விண்ணப்பம் விழுந்துவிடுபவர், எச்-4 விசாவில் காத்திருக்கும் நாட்களைப் பயன்படுத்த நினைப்பவர், இவர்களுக்கு இது நல்ல வழி. எச்-4 விசாவில் இருப்பவர் மாணவர் விசாவுக்கு மாறாமலே படிக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோரும் கிளெப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அந்த விசா முழுநேர நேரடி வகுப்பை எதிர்பார்க்கிறது. முழுநேரக் கணக்கில் ஒரு இணையப் பாடத்துக்கு மேல் சேராது. இந்தியாவில் இருந்தபடியே இணையத்தில் அமெரிக்கப் பட்டம் வாங்கி அங்கேயே அரசு வேலைக்கோ ஆசிரியர் பணிக்கோ போகலாம் என்று எண்ணுபவர்களும் நின்று யோசிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்துக்கு அங்கே தரும் சமநிலைச் சான்று, நேரடியாக முழுநேரம் படித்த பட்டங்களை மனதில் வைத்தது. மருத்துவக் கல்லூரி கனவு உள்ள பிள்ளைக்கும் உயிரியல், வேதியியலைத் தேர்வு எழுதித் தாண்டுவது சரிப்படாது. அந்தக் கல்லூரிகள் ஆய்வகத்தோடு நடந்த வகுப்பைத்தான் தேடும். செவிலியர், ஆசிரியர், கணக்காளர் போன்ற உரிமம் வேண்டிய தொழில்களில் உங்கள் மாநில வாரியத்தின் விதியை முதலில் படியுங்கள். கல்லூரி ஏற்றதை வாரியம் ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

படி 2: கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான கல்லூரிகள் வெளிக் கிரெடிட்டை அளவோடுதான் ஏற்கும். அள்ளிக் கொடுக்கும் சிலவற்றில் மூன்று பழைய பெயர்கள் உண்டு: நியூ ஜெர்சியின் டிரென்டனில் 1972-இல் தொடங்கிய தாமஸ் எடிசன் ஸ்டேட் யூனிவர்சிட்டி, நியூயார்க்கின் ஆல்பனியில் 1971-இல் பிறந்த எக்ஸெல்சியர், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் ஸ்டேட் காலேஜ் (1973). வேலைக்குப் போகும் பெரியவர்களுக்காகவே உருவானவை இவை. வெளியிலிருந்து எவ்வளவு கொண்டுவந்தாலும், தொடக்கப் பாடம் ஒன்று, முடிவுப் பாடம் ஒன்று என்று மிகக் குறைந்த அளவைத் தங்களிடம் படிக்கச் சொல்வது இவற்றின் அடையாளம். எடிசன் பெயரில் கல்லூரி இருப்பது பொருத்தம்தான். அந்த மனிதரே பள்ளியில் சில மாதங்களுக்கு மேல் தங்கியவர் அல்லர்.

இன்னொரு வகை, கட்டணத்தைப் பாடத்துக்கு வாங்காமல் காலத்துக்கு வாங்கும் கல்லூரிகள். மேற்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997-இல் நிறுவிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம் வாங்குகிறது. பல துறைகளில் அது 4,000 டாலர் அளவில். அந்த ஆறு மாதத்தில் நான்கு பாடம் முடித்தாலும் பதினான்கு முடித்தாலும் பணம் அதேதான். மெய்ன் பல்கலைக்கழகத்தின் பிரஸ்க் ஐல் வளாகம் 'யுவர்பேஸ்' என்ற பெயரில் இதையே எட்டு வாரத் தவணையாக நடத்துகிறது. தவணைக் கட்டணம் அண்மைக் காலத்தில் 2,000 டாலருக்குக் கீழே. இரண்டுமே இளநிலைப் பட்டத்துக்கு 90 கிரெடிட் வரை வெளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

எனக்கு எது நல்லது என்று கேட்டால், கணினி, கணக்கியல் பக்கம் போகிறவர்களை வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பக்கம் அனுப்புவேன். எந்தப் பாடமானாலும் ஒரு பட்டம் கையில் வந்தால் போதும் என்பவர்களை பிரஸ்க் ஐல் அல்லது சார்ட்டர் ஓக் பக்கம். பின்னால் முதுநிலை படிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வெளிக் கிரெடிட் எல்லாம் வெறும் 'தேர்ச்சி' என்று வரும், சராசரி மதிப்பெண்ணில் சேராது. வெஸ்டர்ன் கவர்னர்ஸும் தேர்ச்சி என்றே எழுதும். சில பாடங்களாவது எழுத்து மதிப்பெண் தரும் இடத்தில் படித்திருந்தால் முதுநிலை விண்ணப்பத்தின்போது கைகொடுக்கும்.

எந்தப் பெயரைக் கேள்விப்பட்டாலும், அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரத் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. 'உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்கே முழுப் பட்டம், இரண்டு வாரத்தில்' என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் அது பட்டம் விற்கும் கடை. 2015-இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்திய கராச்சியின் ஆக்ஸாக்ட் நிறுவனம், இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகம் முழுவதும் பட்டம் விற்றது. அவற்றின் இணையதளங்கள் உண்மையான கல்லூரிகளின் தளங்களைவிட அழகாக இருந்தன.

படி 3: பழைய படிப்பை எடை போடுதல்

ஊரில் படித்தது எதையும் குப்பை என்று நினைக்காதீர்கள். பாதியில் விட்ட பொறியியலுக்கும் கிரெடிட் கிடைக்கக்கூடும். வெளிநாட்டுச் சான்றுகளை மதிப்பிடும் தனி நிறுவனங்கள் உண்டு. நம்மவர்களுக்கு அறிமுகமானது டபிள்யூ.ஈ.எஸ். பாடவாரியான மதிப்பீட்டைத்தான் கேட்க வேண்டும். பொதுவான மதிப்பீடு மலிவு, ஆனால் கிரெடிட் மாற்றத்துக்குப் பயன்படாது. எந்த நிறுவனத்தின் அறிக்கையை உங்கள் கல்லூரி ஏற்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்கள் இங்கேதான் அதிகம் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனம் அதை முழு இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று எழுதலாம்; இன்னொன்று மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதலாம். இந்தியக் கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் அமைப்பு நீங்கள் படித்த கல்லூரிக்குத் தந்த தரநிலையும் இதில் பங்கு வகிக்கிறது. முழுப் பட்டத்துக்குச் சமம் என்று வந்துவிட்டால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாமல் போகலாம். நேரே முதுநிலைக்குப் போகலாம். தெரிந்த ஒருவர் இதைப் பார்க்காமல், இருக்கும் பட்டத்தையே இன்னொரு முறை வாங்கப் புறப்பட்டார். நல்ல வேளையாகச் சேர்க்கைக் கட்டணத்தோடு நின்றது.

மதிப்பெண் பட்டியல் உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் போக வேண்டியிருக்கும். இதில் மாதங்கள் கரையும். ஊரில் இருக்கும் தம்பியோ மச்சானோ ஓரிருமுறை அலுவலகப் படி ஏற வேண்டி வரலாம். ஆகவே முதல் நாளே இந்த வேலையைத் தொடங்கிவிட்டு, அது நடந்துகொண்டிருக்கும்போது மற்றதைப் பாருங்கள். டிப்ளமோ வைத்திருப்பவர்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பத்தாம் வகுப்புக்குப் பின் படித்தது என்பதால் முழுவதையும் கல்லூரி நிலையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வந்தவரை லாபம்.

படி 4: ஒரு தாள், நாற்பது வரி

இந்த முறையின் உயிர்நாடி இதுதான். நீங்கள் தேர்ந்தெடுத்த பட்டத்தின் பாடப்பட்டியலைக் கல்லூரியின் தளத்திலிருந்து எடுங்கள். எக்செல் தாளில் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு வரி. பக்கத்தில், அதை எதைக்கொண்டு நிரப்பப் போகிறீர்கள், எத்தனை கிரெடிட், மேல்நிலையா கீழ்நிலையா, கல்லூரி ஏற்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று எழுதுங்கள்.

அந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. ஆதாரம் என்றால், எந்த வெளிப் பாடம் தன் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று கல்லூரி வெளியிடும் சமநிலைப் பட்டியலில் உள்ள வரி, அல்லது சேர்க்கை ஆலோசகர் மின்னஞ்சலில் எழுதிய பதில். தொலைபேசியில் சொன்னது ஆதாரம் ஆகாது. நானும் தொலைபேசியில் 'ஆமாம், பிரச்சினை இல்லை' என்று கேட்டிருக்கிறேன். அந்த 'ஆமாம்' பதிவாளர் அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பேசி முடித்ததும் 'நாம் பேசியது இதுதானே?' என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பதில் வந்தால் சேமித்து வையுங்கள்.

இரட்டிப்பைக் கண்டுபிடிக்கவும் இந்தத் தாள்தான் கண்ணாடி. பெயர் வேறாக இருந்தாலும் 'அமெரிக்க அரசாங்கம்' என்ற கிளெப் தேர்வும் அதே பொருளில் உள்ள இணையப் பாடமும் ஒன்றுதான். என் அல்ஜீப்ரா கதை தாள் போடுவதற்கு முந்தைய காலத்தது.

படி 5: கிரெடிட் சேர்த்தல்

இங்கே மலிவானது முதலில், விலை கூடியது பிறகு.

கிளெப்: சாட் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு 1967 முதல் நடத்திவருவது. 34 பாடங்கள். பெரும்பாலான தேர்வுகள் சுமார் ஒன்றரை மணி நேரம், பதில் தேர்வு செய்யும் வினாக்கள். 20 முதல் 80 வரை மதிப்பெண். ஏஸ் பரிந்துரைப்படி 50 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 100 டாலரை ஒட்டி; தேர்வு மையம் தனியாக ஒரு சிறு தொகை வாங்கும். அந்தக் கட்டணத்தையும் கொடுக்காமல் எழுத ஒரு வழி உண்டு. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளையின் தளத்தில் அதே தலைப்புப் பாடத்தை இலவசமாக முடித்தால், தேர்வுக்கான வவுச்சர் தருகிறார்கள். நான் முதலில் இதை நம்பவில்லை. நம்பாததற்கு ஒரு தேர்வுக் கட்டணம் கொடுத்தேன். தோற்றால் மூன்று மாதம் கழித்தே அதே தேர்வை மறுபடி எழுதலாம், ஆனால் தோல்வி எந்தக் கல்லூரிக்கும் தானாகப் போகாது. மதிப்பெண்ணை இருபது ஆண்டு பாதுகாத்து வைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளை இன்று எழுதியது வீணாகாது.

நம் ஊரில் படித்தவர்களுக்குக் கணிதம், நிதிக் கணக்கியல், மேலாண்மை, பொருளியல் தேர்வுகள் ஓரிரு வார வேலை. அமெரிக்க வரலாற்றுத் தாள் அப்படி அல்ல. நமக்கு ராஜராஜனைத் தெரியும், ஆண்ட்ரூ ஜாக்சனைத் தெரியாது. அதைக் கிளெப்பில் எழுதாமல் அடுத்து வரும் வழியில் முடிப்பது நிம்மதி. மொழித் தேர்வுகளில் ஸ்பானிய மொழி தெரிந்தவர்கள் ஒரே தேர்வில் ஒன்பது கிரெடிட்கூட அள்ளலாம். தமிழுக்குக் கிளெப் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். படைவீரர்களுக்காகத் தொடங்கி இன்று எல்லோருக்கும் திறந்திருக்கும் டி.எஸ்.எஸ்.டி. தேர்வுகளும் இதே வகைதான். கிளெப்பில் இல்லாத தலைப்புகள் சில அதில் உண்டு.

சோஃபியா: இணையப் பாடத் தளம். மாதம் 99 டாலர் சந்தா, எத்தனை பாடம் முடித்தாலும் அதே பணம். ஒரே நேரத்தில் இரண்டு பாடங்கள்தான் திறந்திருக்கும். ஒன்றை முடித்ததும் அடுத்தது. குறிப்பேட்டைப் பார்த்தே எழுதலாம் என்பதால் பயம் இல்லை. பொதுக்கல்விப் பெட்டியில் பெரும்பகுதியை இதிலேயே நிரப்பிவிடலாம். எழுத்து வேலை உள்ள பாடங்களை மனிதர்கள் திருத்துவதால் ஒவ்வொரு கட்டுரைக்கும் சில நாள் காத்திருக்க நேரும். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தை மாத இறுதியில் தொடங்கி, திருத்தம் வருவதற்குள் அடுத்த மாதச் சந்தாவையும் கட்டினேன். ஆகவே எழுத்துப் பாடத்தை மாதத்தின் முதல் நாள் தொடங்கி, அது திருத்தத்தில் இருக்கும்போது இன்னொரு பக்கம் எளிய பாடங்களை முடித்துக்கொண்டே போங்கள். சந்தா கட்டும் முன்பே எதை எந்த வாரம் என்று குறித்துக்கொள்வது நல்லது. மெஸ்ஸில் மாதச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இதிலும் இருக்கிறார்கள்.

ஸ்டடி.காம்: இன்னொரு இணையப் பாடத் தளம். சந்தா சோஃபியாவைவிடக் கணிசமாக அதிகம், இறுதித் தேர்வும் கண்காணிப்போடு நடக்கும். இங்கே வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: 300, 400 நிலைப் பாடங்கள் கிடைக்கின்றன. தாளில் மேல்நிலைக் கட்டங்கள் காலியாக இருந்தால் மட்டும் ஓரிரு மாதம் வாங்குங்கள். காலத்துக்குக் கட்டணம் வாங்கும் கல்லூரியில் சேரப் போகிறவர்களுக்கு மேல்நிலைப் பாடங்களைக் கல்லூரியிலேயே முடிப்பதுதான் பெரும்பாலும் மலிவு. ஸ்ட்ரெய்ட்டர்லைன், சேய்லர் போன்ற தளங்களும் உண்டு. தாளில் ஒரு குறிப்பிட்ட ஓட்டையை அடைக்கத் தேவைப்பட்டால் பாருங்கள். கூகுளின் தொழில்நுட்பச் சான்றிதழ்களுக்கும் காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் போன்றவற்றுக்கும் ஏஸ் பரிந்துரை இருப்பதால், ஐ.டி. வேலையில் இருப்பவர் ஏற்கெனவே பையில் வைத்திருக்கும் சான்றிதழே கிரெடிட் ஆகலாம்.

படி 6: எப்போது சேர்வது, எவ்வளவு ஆகும்

மலிவான கிரெடிட்டை எல்லாம் முடித்த பிறகே கல்லூரியில் சேருங்கள். சில கல்லூரிகள் சேர்ந்தபின் வெளிக் கிரெடிட்டை ஏற்பதில்லை அல்லது குறைத்து ஏற்கின்றன. காலக்கட்டணக் கல்லூரியில் முதல் நாளிலிருந்தே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். தேர்வு எழுதியதும் ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் அதிகாரபூர்வப் பட்டியலைக் கல்லூரிக்கு நேரடியாக அனுப்பச் சொல்ல வேண்டும்; உங்கள் கணினியில் உள்ள பி.டி.எஃப். செல்லாது.

ஒரு கணக்கு. சோஃபியா ஐந்து மாதம், 500 டாலருக்குள். கிளெப் நான்கு தேர்வு, வவுச்சர் கிடைத்தால் ஏறக்குறைய இலவசம், இல்லாவிட்டால் 400-க்கு மேல். சான்று மதிப்பீடு சில நூறு. கல்லூரியில் கடைசி 30 கிரெடிட்டுக்கு யுவர்பேஸ் மூன்று தவணை என்றால் 6,000-க்குள். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் இரண்டு பருவம் என்றால் 8,000 அளவில். மொத்தம் 7,000 முதல் 10,000 டாலர். சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் மட்டுமே சராசரியாக ஆண்டுக்கு 11,000 டாலருக்கு மேல். நான்கு ஆண்டுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கூட்டாட்சி அரசின் கல்வி உதவி கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு உண்டு, எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை. அந்த உதவி கல்லூரிக் கட்டணத்துக்குத்தான். சோஃபியா சந்தாவுக்கு வராது. வேலையில் இருப்பவர்கள் மனிதவள அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்: நிறுவனம் தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது. பல நிறுவனங்களில் இந்தப் பணம் கேட்பார் இல்லாமல் கிடக்கிறது.

காலம்? எனக்குப் பதினாறு மாதம் ஆனது. சமையல், பிள்ளையின் பள்ளி, நடுவில் ஒரு வீடு மாற்றம் எல்லாம் சேர்த்து. மூன்று மாதத்தில் முடித்தோம் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் பலர் பத்தாண்டு அத்துறையில் வேலை பார்த்தவர்கள், பழைய கிரெடிட் கையில் இருந்தவர்கள். வேகத்துக்காகக் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பிடிபட்டால் போவது ஒரு பாடம் மட்டுமல்ல. கணக்கே முடக்கப்பட்டு, சேர்த்த கிரெடிட் எல்லாம் கேள்விக்குறியாகலாம்.

படி 7: பட்டமளிப்புக்கு விண்ணப்பித்தல்

120-ஐத் தொட்டதும் பட்டம் தானாக வராது. பட்டமளிப்புக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி உண்டு. கல்லூரிகள் ஆண்டில் சில குறிப்பிட்ட நாட்களில்தான் பட்டம் வழங்கும். கடைசித் தேதியை ஒரு நாள் தவறவிட்டாலும் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். கடைசிப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பிக்கும் முன், எந்தத் தேவை எந்தப் பாடத்தால் நிரம்பியது என்று காட்டும் கல்லூரியின் பட்டத் தணிக்கை அறிக்கையை உங்கள் தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். விருப்பப் பாடத்தில் போய் விழுந்த ஒரு கிரெடிட், முதன்மைப் பாடத்தில் விழுந்திருக்க வேண்டியதாக இருக்கும். சமநிலைப் பட்டியலின் வரியையும் அந்தப் பழைய மின்னஞ்சலையும் இணைத்து எழுதினால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். எனக்கு அப்படி ஒரு புள்ளியியல் பாடம் இடம் மாறி வந்தது. அல்ஜீப்ராவுக்கும் கேட்டுப் பார்த்தேன், அது வரவில்லை.